ஹிரோஷிமா, நாகசாகி: குண்டு போட்டது நியாயமா?

கேள்வி இதுதான்: "போரை முடிக்கத்தான் அமெரிக்கா அணுகுண்டு போட்டது, போடாமல் இருந்திருந்தால் இதைவிடப் பல மடங்கு பேர் செத்திருப்பார்கள் என்கிறார்கள். அது உண்மையா? கல்லூரியில் இந்தத் தலைப்பில் விவாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் பேச வேண்டி வரும் என்று தெரியாது, இரண்டுக்கும் தயாராக வேண்டும்."

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிரோஷிமாவைப் பொறுத்தவரை, ஆவணங்களை ஒழுங்காகப் படித்த இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வர இடம் இருக்கிறது. ஆனால் குண்டைக் குறிவைத்து நகரத்தின் நடுவில் போட்டதற்கும், மூன்றே நாளில் நாகசாகியில் அடுத்ததைப் போட்டதற்கும் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் எனக்குத் தேறவில்லை. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த விவாதம் பெரும்பாலும் கெட்டுப்போவது தலைப்பிலேயே. "குண்டா, படையெடுப்பா?" என்று ஆரம்பிப்பார்கள். 1945 கோடையில் வாஷிங்டனில் யாரும் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடல் முற்றுகை, துறைமுகங்களில் கண்ணிவெடி, நகரங்களைத் தீக்குண்டுகளால் எரிப்பது, சோவியத்தைப் போருக்குள் கொண்டுவருவது, நவம்பர் 1 அன்று க்யூஷூ தீவில் தரையிறங்கும் திட்டம், அணுகுண்டு என்று எல்லாமே ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எது பலிக்கிறதோ பலிக்கட்டும் என்ற நிலை. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்ற வடிவம் மக்கள் மனதில் பதிந்தது 1947 பிப்ரவரியில், போர் அமைச்சராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு. போட்டது சரியா என்று அமெரிக்காவிலேயே குரல்கள் எழ ஆரம்பித்திருந்த நேரம் அது.

அதேபோல "அமெரிக்க அதிபர் டிரூமன் எடுத்த முடிவு" என்பதும் பாதி உண்மைதான். 1945 ஜூலை 25 அன்று ஜெனரல் ஹாண்டி, விமானப்படையின் ஜெனரல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பிய உத்தரவு மிகச் சிறியது. ஆகஸ்ட் 3 வாக்கில் இருந்து, கண்ணால் பார்த்துக் குண்டு போடும் அளவுக்கு வானம் தெளிந்ததும், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின்மேல் முதல் "சிறப்புக் குண்டை"ப் போட வேண்டும்; அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக இதே பட்டியலில் போட வேண்டும். இவ்வளவுதான் சாரம். நாகசாகிக்கென்று தனி முடிவு எதுவும் கிடையாது. சரணடையச் சொல்லும் போட்ஸ்டாம் பிரகடனம் வெளியானது ஜூலை 26. அதற்கு முந்தைய நாளே உத்தரவு போய்விட்டது. ஜப்பான் பிரகடனத்தை ஏற்றிருந்தால் உத்தரவை நிறுத்தியிருக்கலாம் என்பார்கள். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் நிறுத்துவதற்குத்தான் ஒரு முடிவு தேவைப்பட்டது, போடுவதற்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆக, நியாயம் பேச வேண்டிய இடங்கள் இவை: எங்கே குறிவைத்தார்கள், முன்கூட்டி எச்சரித்தார்களா, சரணடைய என்ன நிபந்தனை வைத்தார்கள், முதல் குண்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விட்டார்கள். இந்த நான்கிலும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். பேசியதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது.

குறியில் இருந்து தொடங்குவோம். 1945 மே 10, 11 தேதிகளில் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கூடிய இலக்குக் குழுவின் கூட்டக் குறிப்பு இன்று யாரும் படிக்கக் கிடைக்கிறது. கியோட்டோவைப் பரிந்துரைத்ததற்கு அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அது அறிவாளிகள் நிறைந்த ஊர், இப்படிப்பட்ட ஆயுதத்தின் அர்த்தம் அங்கே இருப்பவர்களுக்கு நன்றாகப் புரியும் என்பது. ஹிரோஷிமாவைப் பற்றி: ஊரின் பெரும்பகுதியைச் சேதப்படுத்த முடிகிற அளவு, ராடாரில் நன்றாகத் தெரியும், பக்கத்தில் மலைகள் இருப்பதால் அதிர்வலை குவிந்து சேதம் கூடும், ஆறுகள் இருப்பதால் தீக்குண்டுக்கு அவ்வளவு ஏற்றதல்ல. இன்னொரு வரி இன்னும் முக்கியம். சிறிய, முழுக்க ராணுவ இலக்கைத் தேர்ந்தெடுத்தால் குறி தப்பிக் குண்டு வீணாகிவிடலாம். ஆகவே அப்படிப்பட்ட இலக்கு, சேதமடையக்கூடிய பெரிய பரப்பின் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது குறிப்பு. அணுகுண்டு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்ல அமைத்த இடைக்காலக் குழு, மே 31 அன்று கூடி, இதையே கொஞ்சம் நாகரிகமான மொழியில் சொன்னது: ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்யும், சுற்றிலும் தொழிலாளர் வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு முக்கியப் போர்த் தொழிற்சாலை, முன்னெச்சரிக்கை இல்லாமல்.

நடந்தது என்ன? ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு எனோலா கே விமானம் குறிவைத்தது அயோய் பாலத்தை. ஆங்கில டி எழுத்துப் போல மூன்று கிளையாகப் பிரியும் பாலம், 9,000 மீட்டருக்கு மேலிருந்தும் தெளிவாகத் தெரியும். பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத ஊர் நடு அது. சுமார் 240 மீட்டர் தள்ளி, ஷிமா என்ற மருத்துவமனைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த உயரமும் யோசித்து வைத்ததுதான். தரைக்கு அருகில் வெடித்தால் கான்கிரீட், கோட்டை போன்ற கடினமான இலக்குகளை நொறுக்கலாம். உயரத்தில் வெடித்தால் அதிர்வலை அகலப் பரவி, லேசான கட்டடங்களை அதிகத் தூரத்துக்குச் சாய்க்கும். இவர்கள் கணக்குப் போட்டது மர வீடுகளுக்கு.

இதன் விளைவை அமெரிக்க அரசே அளந்து எழுதிவைத்திருக்கிறது. 1946-இல் வெளியான அமெரிக்க மூலோபாயக் குண்டுவீச்சு ஆய்வின்படி, ஹிரோஷிமாவின் தொழில் உற்பத்தியில் 74 சதவீதத்தைத் தந்த பெரிய ஆலைகள் ஊரின் விளிம்பில் இருந்தன. அவை ஏறக்குறைய சேதமே அடையவில்லை. அங்கே வேலை செய்தவர்களில் 94 சதவீதம் பேருக்குக் காயம் இல்லை. போர் தொடர்ந்திருந்தால் 30 நாளில் வழக்கமான உற்பத்திக்குத் திரும்பியிருப்பார்கள். நடு ஊரில் நிலைமை வேறு. காலை 7:09-க்கு வானிலை பார்க்க வந்த ஒற்றை விமானத்துக்காக ஒலித்த அபாயச் சங்கு 7:31-க்கு அடங்கிவிட்டது. அதனால் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெட்டவெளி உண்டாக்கும் வேலைக்கு 12, 13 வயதுப் பள்ளிப் பிள்ளைகளை அன்று அனுப்பியிருந்தார்கள். சுமார் 8,000 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள்.

ஹிரோஷிமாவில் ஜப்பானியத் தரைப்படையின் இரண்டாம் பொதுப்படைத் தலைமையகம் இருந்தது, கோட்டைப் பகுதியில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இருந்தார்கள், அது பொய்யில்லை. குண்டை ஆதரிப்பவர்கள் இதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் 1945 முடிவுக்குள் அந்த ஊரில் இறந்தவர்கள் சுமார் 1,40,000; அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள், ஆயிரக்கணக்கான கொரியர்கள் உட்பட. "ராணுவத் தளமான ஹிரோஷிமா, முடிந்தவரை குடிமக்கள் சாவதைத் தவிர்க்க விரும்பினோம்" என்று ஆகஸ்ட் 9 அன்று டிரூமன் வானொலியில் சொன்னதை அந்த இலக்குக் குறிப்புக்கு அருகில் வைத்துப் படியுங்கள். சிப்பாய்களும் மாலுமிகளும்தான் இலக்கு, பெண்களும் குழந்தைகளும் இல்லை என்று ஜூலை 25-ஆம் தேதி அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன உத்தரவின் தேதியும் அதே ஜூலை 25. அவர் பொய் சொன்னாரா, அவருக்கே சரியாகப் புரியவில்லையா என்பது வரலாற்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

இனி, "ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டியிருக்கலாமே" என்ற வாதம். கேட்க நன்றாக இருக்கும். மேடையில் இதை நம்பி நிற்காதீர்கள். ஜூன் 11-இல், அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்த ஃபிராங்க் குழுவின் அறிக்கை இதைத்தான் கேட்டது. ஜூன் 16-இல் ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் நால்வரும் கொண்ட அறிவியல் குழு, போரை முடிக்கக்கூடிய செயல்விளக்கம் எதையும் எங்களால் முன்வைக்க முடியவில்லை என்று பதில் எழுதியது. நடைமுறைச் சிக்கல்கள் உண்மையானவை. கையில் இருந்த யுரேனியம் குண்டு ஒன்றே ஒன்று. சுமார் 64 கிலோ யுரேனியம் கொண்ட அந்த வடிவமைப்பு அதுவரை முழுதாகச் சோதிக்கப்படவே இல்லை. ஜூலை 16-இல் நியூ மெக்சிகோவில் சோதித்தது புளூட்டோனியம் குண்டை. அழைத்து உட்காரவைத்துக் காட்டும்போது வெடிக்காமல் போனால்? இடத்தை முன்கூட்டிச் சொன்னால் அங்கே போர்க் கைதிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டால்?

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஒரு முழு ஊர் அழிந்த பிறகும் ஜப்பானிய போர்க்கால உச்ச சபையின் ஆறு பேரில் மூன்று பேர் அசையவில்லை. அவர்கள் ஒரு வெற்றுத் தீவில் எழுந்த புகையைப் பார்த்து மனம் மாறியிருப்பார்கள் என்று வாதிடுவது கஷ்டம். ஆனால் இதே உண்மை மறுபக்கமும் வெட்டும்: ஊர் அழிந்தும் அசையாதவர்கள் என்றால், குண்டுதான் அவர்களைச் சரணடைய வைத்தது என்று எப்படிச் சொல்வது? எதிரணி இந்த உண்மையை எடுத்தால் உடனே இதைக் கேளுங்கள்.

முன்னெச்சரிக்கை வாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வலு உண்டு. கடற்படைத் துணை அமைச்சர் ரால்ஃப் பார்டு, ஜூன் 27 தேதியிட்ட குறிப்பில், இரண்டு மூன்று நாள் முன்பாவது ஜப்பானுக்கு ஏதாவது எச்சரிக்கை தர வேண்டும் என்று எழுதினார். வெறும் விஞ்ஞானிகளின் மன உறுத்தல் என்று இதைத் தள்ள முடியாது, முடிவெடுத்த குழுவுக்குள் இருந்தவர் அவர். ஹிரோஷிமாவுக்குத் துண்டுப் பிரசுரம் போட்டு எச்சரித்தார்கள் என்று இணையத்தில் அடிக்கடி சொல்லப்படுவது தவறு. தீக்குண்டுத் தாக்குதலுக்கான பொதுப் பிரசுரங்கள் பல ஊர்களில் போடப்பட்டன. அணுகுண்டைப் பற்றிச் சொல்லும் பிரசுரம் ஹிரோஷிமாவுக்குப் பிறகே அச்சானது. நாகசாகியில் அது விழுந்தது ஆகஸ்ட் 10-இல், குண்டு விழுந்த மறுநாள்.

எண்களுக்கு வருவோம், பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். "பத்து லட்சம் அமெரிக்க உயிர்கள்" என்று அடித்துச் சொல்வார்கள். ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய பத்து லட்சம் என்பது இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் எல்லோரும் சேர்ந்த கணக்கு. டிரூமன் பின்னாளில் ஐந்து லட்சம் உயிர்கள் என்றார். 1945 ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில் இவ்வளவு பெரிய எண்ணை யாரும் சொல்லவில்லை. முதல் 30 நாள் இழப்பு பிலிப்பைன்ஸின் லூஸான் தீவில் ஆனதைத் தாண்டாது என்றார் தரைப்படைத் தலைமைத் தளபதி மார்ஷல். லூஸான் இழப்பாக அவர் காட்டியது 31,000, அதுவும் காயமடைந்தவர்களையும் சேர்த்து. அதிபரின் ராணுவ ஆலோசகர் அட்மிரல் லீஹி, ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாவில் 35 சதவீதம் இழந்தோமே என்று நினைவுபடுத்தினார். க்யூஷூ திட்டத்துக்கு ஒதுக்கிய படை 7,66,700. பெருக்கினால் ஏறத்தாழ 2,68,000 வருகிறது; அந்தப் பெருக்கலைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் செய்யவில்லை. ஜப்பானின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இன்னொரு ஒக்கினாவா வேண்டாம் என்பதே டிரூமனின் கவலை.

அந்தக் கவலை போலியில்லை. ஒக்கினாவாவில் அமெரிக்கர்கள் சுமார் 12,500 பேர் இறந்தார்கள். ஜப்பானியப் படையினரும் உள்ளூர்க் குடிமக்களும் தனித்தனியே ஏறத்தாழ ஒரு லட்சம். ஜூனில் க்யூஷூவில் மூன்றரை லட்சம் ஜப்பானியப் படையினர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒட்டுக்கேட்ட வானொலிச் செய்திகள் அது ஆறு லட்சத்தை நெருங்கிவிட்டதைக் காட்டின. உண்மையில் இருந்தவர்கள் அதைவிடவும் அதிகம். இதைப் பார்த்துவிட்டு மார்ஷலே ஆகஸ்ட் 7 அன்று, பசிபிக்கில் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய மக்கார்தரிடம் வேறு இடத்தில் இறங்கலாமா என்று கேட்டார். ஆதரவாளர் இதை "பார்த்தீர்களா, எவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கும்" என்று காட்டலாம். எதிர்ப்பவர் "அந்தப் படையெடுப்பு நடந்தே இருக்காது, நடக்காத ஒன்றின் சாவுக் கணக்கைக் காட்டி ஊரை எரித்ததை நியாயப்படுத்தாதே" என்று திருப்பலாம். இரண்டாவது எனக்கு வலுவாகப் படுகிறது. முற்றுகைதான் நடைமுறை மாற்றாக இருந்திருக்கும்.

ஜப்பான் ஏற்கெனவே சரணடையத் தயாராக இருந்ததா? இருந்தது என்று சொல்வது மிகை. ஜூலை நடுவில் வெளியுறவு அமைச்சர் டோகோ, மாஸ்கோவில் இருந்த தூதர் சாட்டோவுக்கு அனுப்பிய தந்திகளை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்தார்கள். இளவரசர் கொனோயேயைத் தூது அனுப்ப, சோவியத்தை நடுவராக்க முயற்சி நடந்தது. சாட்டோ வெளிப்படையான மனிதர். நிபந்தனையற்ற சரணுக்குக் கிட்டத்தட்ட இணையான எதையாவது ஏற்பதைத் தவிர வழியில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினார். எந்தச் சூழ்நிலையிலும் நிபந்தனையற்ற சரணை ஏற்க முடியாது என்பதே ஜூலை 21 தந்தியில் டோகோவின் பதில். என்ன நிபந்தனை வேண்டும் என்று ஒரு தடவைகூட உருப்படியாகச் சொல்லவில்லை. போரை முடிக்க விரும்பினார்கள். எப்படி என்பதில் அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. குண்டு விழாவிட்டாலும், ரஷ்யா வராவிட்டாலும், படையெடுப்பே திட்டமிடப்படாவிட்டாலும் 1945 டிசம்பர் 31-க்குள் நிச்சயமாகவும், பெரும்பாலும் நவம்பர் 1-க்குள்ளும் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்ற குண்டுவீச்சு ஆய்வின் வாசகத்தை எதிர்ப்பாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அது போர் முடிந்தபின் விமானப்படையின் பெருமையைப் பேச வேண்டிய ஒரு நிறுவனத்தின் ஊகம். மேற்கோள் காட்டுங்கள், ஆனால் அதன்மேல் வீடு கட்டாதீர்கள்.

குண்டா, ரஷ்யாவா? ஆகஸ்ட் 6 முதல் 10 வரை டோக்கியோவில் நடந்ததை மணிக்கணக்கில் பார்த்தால், எந்தத் தனிக் காரணமும் போதாது என்று தெரியும். ஆகஸ்ட் 8 அன்று டோகோ பேரரசரைச் சந்தித்தார். போரை விரைவில் முடிக்க வேண்டும் என்றார் பேரரசர். சோவியத் இன்னும் போர் அறிவிக்கவில்லை. ஆக, ஹிரோஷிமா ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று உச்ச சபையைக் கூட்ட முடியவில்லை, உறுப்பினர் ஒருவருக்கு வர வசதிப்படவில்லையாம். ஊர் அழிந்து இரண்டு நாள் ஆகியும் இதுதான் அவசரத்தின் அளவு. அன்றிரவு சோவியத் போர் அறிவித்தது, 9-ஆம் தேதி விடிவதற்குள் மஞ்சூரியாவுக்குள் படை புகுந்தது. காலை பத்தரை வாக்கில் சபை கூடிவிட்டது. பேச்சு நடுவில் இருக்கும்போது நாகசாகிச் செய்தி வந்தது. யாருடைய நிலையும் மாறவில்லை. பிரதமர் சுசுக்கி, டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய் மூவரும் பேரரசர் பதவி நீடிக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனையோடு முடிக்கலாம் என்றார்கள். போர் அமைச்சர் அனாமி, தளபதிகள் உமேசு, டொயோடா மூவரும் நான்கு நிபந்தனை கேட்டார்கள்: பேரரசர், ஆக்கிரமிப்பு கூடாது அல்லது குறைந்தபட்சமாக இருக்க வேண்டும், ஆயுதக் களைவை நாங்களே செய்வோம், போர்க்குற்ற விசாரணையையும் நாங்களே நடத்துவோம். மூன்றுக்கு மூன்று. நள்ளிரவில் அரண்மனை நிலவறையில் பேரரசர் முன் கூடி, அதிகாலை இரண்டு மணி வாக்கில் அவரே முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 15 அன்று மக்களுக்கு ஒலிபரப்பான உரையில் பேரரசர் கொடூரமான புதிய குண்டைச் சொன்னார், சோவியத்தைச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 17-இல் படையினருக்கு விடுத்த ஆணையில் சோவியத்தைச் சொன்னார், குண்டைச் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டி முடிவு கட்டுபவரிடம் மற்றதை எடுத்துக் காட்டினால் போதும்.

எதிர்ப்பாளர்களின் ஆக வலுவான ஆயுதம் பேரரசர் நிபந்தனைதான். பிரகடனத்தின் வரைவில், இப்போதைய அரச வம்சத்தின்கீழ் அரசியலமைப்பு முடியாட்சி தொடரலாம் என்ற வரியை ஸ்டிம்சன் வைத்திருந்தார். வெளியுறவு அமைச்சர் பர்ன்ஸும் டிரூமனும் அதை நீக்கினார்கள். ஆகஸ்ட் 11-இல் அனுப்பிய பதிலில், பேரரசரின் அதிகாரம் நேச நாட்டுத் தலைமைத் தளபதிக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லி, மறைமுகமாக அவர் பதவியில் இருக்க இடம் கொடுத்தார்கள். கடைசியில் கொடுத்ததை முதலிலேயே கொடுத்திருந்தால்? 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு டிரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர முனைந்தபோது எதிர்த்து நின்ற தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோமும் கை வைத்தது இங்கேதான்: நிபந்தனையற்ற சரண் என்ற பிடிவாதமே எல்லாக் கேட்டுக்கும் வேர் என்றார். ஆனால் எதிரணிக்கு இதற்கும் பதில் உண்டு. அனாமி தரப்புக்கு அந்த ஒரு நிபந்தனை போதவில்லை, இன்னும் மூன்று வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 14 இரவு, சரண் முடிவான பிறகும், இளம் அதிகாரிகள் சிலர் அரண்மனையைக் கைப்பற்றிப் பேரரசர் உரை பதிவான இசைத்தட்டைத் தேடினார்கள். ஜூலையிலேயே அந்த வரியைச் சேர்த்திருந்தால் போர் முடிந்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முயன்று பார்ப்பதில் இழப்பு எதுவும் இருந்திருக்காது என்பது மட்டும் உறுதி.

நாகசாகி. முதலில் ஆகஸ்ட் 11-க்குத் திட்டமிட்டிருந்தார்கள். வானிலை கெடப்போகிறது என்று 9-க்கு முன்னிழுத்தார்கள். ஜப்பான் யோசிக்க எத்தனை நாள் வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்கிலேயே இல்லை. ஹிரோஷிமாவோடு தொடர்பு அறுந்து கிடந்தது. இயற்பியலாளர் நிஷினா 8-ஆம் தேதிதான் அங்கே போய்ப் பார்த்து, இது அணுகுண்டுதான் என்று உறுதிசெய்தார். மறுநாள் இரண்டாவது விழுந்தது. அதுவும் போட வேண்டிய ஊரில் விழவில்லை. குண்டைச் சுமந்த பாக்ஸ்கார் விமானத்தில் பின்தொட்டியிலிருந்து எரிபொருள் எடுக்கும் பம்பு வேலை செய்யவில்லை. சுமார் 2,300 லிட்டர் பயன்படாமல் கிடந்தது. கொக்குராவின் மேல் மூன்று சுற்று வந்தும் மேகமும் புகையும் மறைத்தன. நாகசாகிக்குத் திரும்பினார்கள். குறிவைத்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமிப் பள்ளத்தாக்கில், 11:02-க்கு வெடித்தது. கிழக்காசியாவின் பெரிய கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஒன்று அங்கே அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஆண்டு முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 70,000. "கையில் நிறைய குண்டு இருக்கிறது என்று காட்டத்தான் இரண்டாவது" என்பது ஆதரவாளர்களின் பதில். அதைக் காட்ட மூன்று நாளுக்குப் பதில் பத்து நாள் காத்திருந்தாலும் காட்டியிருக்கலாம். மறுநாள், ஆகஸ்ட் 10-இல், அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இனி எதுவும் போடக்கூடாது என்று டிரூமன் நிறுத்தினார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பது என்ற எண்ணமே பயங்கரமாக இருக்கிறது என்று அவர் அமைச்சரவையில் சொன்னதை வணிக அமைச்சர் வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மூன்றாவது குண்டு ஆகஸ்ட் 17, 18 வாக்கில் தயாராகியிருக்கும்.

எதிர்ப்பாளர்கள் வழக்கமாக மறந்துவிடும் ஒன்று: காத்திருப்பதும் ரத்தமில்லாத வழி கிடையாது. முற்றுகை என்றால் பட்டினி. முதலில் சாவது குழந்தைகளும் முதியவர்களும்தான். சோவியத் கையில் விட்டிருந்தால்? மஞ்சூரியாவில் பிடிபட்டு சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜப்பானியர் ஏறத்தாழ ஆறு லட்சம். அவர்களில் சுமார் 60,000 பேர் திரும்பவில்லை. ஜப்பான் பிடித்து வைத்திருந்த நாடுகளில் சாவு ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்தது. வியட்நாமின் வடக்கில் 1945 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்கு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் அதற்கு முன்பே காட்டில் புதைந்திருந்தார்கள். உயிரோடு மிஞ்சியவர்களும் அவர்கள் குடும்பங்களும் மலாயாவில் ஜப்பானிய ஆட்சியின் கீழ்தான் இருந்தார்கள். மலாயாவை மீட்கும் பிரிட்டிஷ் தரையிறக்கம் செப்டம்பர் 9-க்குத் திட்டமிடப்பட்டிருந்தது. சரணுக்குப் பிறகும் அதை நடத்தினார்கள். மோரிப் கடற்கரையில் வண்டிகள் மணலில் புதைந்து நின்றன. எதிரே துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். விவாதத்தில் செத்தவர்களை ஜப்பானியர், அமெரிக்கர் என்று இரண்டே பத்தியில் எண்ணுவது, நம்மூர்க்காரர்கள் செய்யக்கூடாத தவறு.

சட்டம் பேசுவதானால் கவனமாகப் பேசுங்கள். 1907 ஹேக் விதிகளின் 25-ஆம் பிரிவு பாதுகாப்பற்ற ஊர்களைத் தாக்கத் தடைவிதித்தது; விமானத் தாக்குதலுக்கென்று தனி ஒப்பந்தம் எதுவும் அமலில் இல்லை. ஜப்பானியத் தலைவர்களைப் போர்க்குற்றத்துக்கு விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால், குடிமக்களைப் பாகுபாடின்றிக் கொல்வது குற்றம் என்றால் பசிபிக் போரில் அதற்கு மிக அருகில் வருவது அணுகுண்டு முடிவுதான் என்றார். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1963 டிசம்பர் 7-இல் இரண்டு தாக்குதலும் சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு இழப்பீடு இல்லை என்றும் சொன்னது. இன்னொரு பக்கம், மார்ச் 9–10 இரவில் டோக்கியோ மேல் தீக்குண்டு போட்டு ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்றதற்கு யாரும் விசாரிக்கப்படவில்லை. "ஏற்கெனவே அறுபதுக்கு மேற்பட்ட நகரங்களை எரித்தாயிற்று, இது மட்டும் என்ன புதுசு" என்பது ஆதரவாளர்கள் விரும்பிச் சொல்லும் வரி. நடந்ததை விளக்க அது உதவும். நியாயம் ஆக்க உதவாது.

ஆதரவுப் பக்கம் பேச வேண்டி வந்தால், நாகசாகியைக் காப்பாற்ற முயலாதீர்கள், ஹிரோஷிமாவோடு நில்லுங்கள். பத்து லட்சம் என்ற எண்ணைத் தொடாதீர்கள், ஒக்கினாவாவின் கணக்கும் டோகோ–சாட்டோ தந்திகளும் மூன்றுக்கு மூன்று வாக்கும் போதும். எதிர்ப்புப் பக்கம் வந்தால், ஜப்பான் சரணடையவே காத்திருந்தது என்று ஆரம்பிக்காதீர்கள், முதல் மறுப்பிலேயே சரிந்துவிடும். மே மாத இலக்குக் குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தொழிற்சாலைக்குக் குறிவைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அயோய் பாலத்தை வரைபடத்தில் காட்டுங்கள்.